பாலாவிக் கோழி

உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? தங்கச்சி நிஃப்லாவையும் இந்தச் சின்னக் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதுகிறேன்.

சாப்பாட்டில் கவனம் என்று நளீர் மாமா சொன்னாரே, அதனால் விடுதியில் கோழிக்கறி வைக்கும்போதெல்லாம் அதைப் பக்கத்தில் இருக்கும் ஷெரோமியின் தட்டில் போட்டுவிட்டுப் பருப்போடு சாப்பிட்டேன். நேற்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் அதைக் கண்டு ஏன் என்று கேட்டார். "இது ஹலால் இல்லையே" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஷெரோமி விழுந்து விழுந்து சிரித்தாள். "அடியே, நீ வந்த நாள் தொட்டு எங்க எல்லாருக்கும் பாலாவி டவுன் முஸ்லிம் கடைக் கோழிதான். சிஸ்டர்தான் பஸ்ஸில போய் வாங்கிட்டு வாறா!"

சிஸ்டர் சிரிக்கவில்லை. "ஓம் மகள், நான்தான் முந்தியே சொல்லியிருக்கோணும்" என்றார், பிழை அவருடையது போல. எனக்குத் தலை நிமிரவில்லை.

நிஃப்லாவை அனுப்புங்கள், உம்மா. அவளிடம் நீங்கள் போர்த்தும் சால்வை ஒன்றையும் கொடுத்துவிடுங்கள், கழுவ வேண்டாம்.

சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க இன்று முழுக்க நினைத்திருந்தேன். இதை ஜன்னல் நிலவில் எழுதுகிறேன்; சற்று முன் அவரே என் கட்டிலருகே வந்து, "படுங்க மகள்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்.

உங்கள் மகள்,
மர்ஷூதா