வாசலில் ஒரு வாளித் தண்ணீர்

பிரேமா,

மில்லுக்குப் போகிறேன். நைட் ஷிப்டை விட்டவனுக்குப் பகல் வேலை தருவார்களா என்று கேட்டுவிட்டு வருகிறேன். காளீஸ்வரி பக்கத்து வீட்டு ஜானகியம்மாளிடம் இருக்கிறாள்.

நேற்று நீ கடலைமிட்டாய்க் கம்பெனியிலிருந்து வந்ததும் பிள்ளை ஓடி வந்தாள். "ஏட்டி, கையைக் களுவாம தொடாதே" என்று கத்தினேன். "எம் புள்ளயத் தொட ஒங்ககிட்ட கேக்கணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாய். கத்தியது தப்பு. கழுவச் சொன்னது தப்பில்லை. மிட்டாய் தின்ற அன்று அவள் உதடு வீங்கியதை நீயும்தான் பார்த்தாய்.

தோலில் குத்திப் பார்த்த டெஸ்ட்டில் தடிப்பு லேசாகத்தான் இருந்தது. "கடலைதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். திங்கட்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் அவர் கண்முன்னாலேயே கடலையைத் துளித் துளியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். அவள் உடம்புக்குச் சேர்ந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதுவரை வீட்டில் கடலையும் வேண்டாம், கடலை எண்ணெயும் வேண்டாம்.

வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருக்கிறேன். லாரித் தண்ணீர்தான், ஆனால் சிக்கனம் பார்க்காதே. மாற்றுச் சேலை உள்ளே கொடியில் கிடக்கிறது. கை, முகம் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு பிள்ளையைத் தூக்கு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

ரசம் அடுப்பில் இருக்கிறது. நல்லெண்ணெயில்தான் தாளித்தேன். சாப்பிடு.

சோப்பை வாசலில் தேடாதே. "அம்மைக்கு நாந்தான் குடுப்பேன்" என்று பிள்ளை இப்போதுதான் ஓடி வந்து அதைக் கையோடு ஜானகியம்மாள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.