தை அமாவாசையும் புஞ்சக்கரிக் காக்கைகளும்

அன்பு மகள் அஸ்வதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் அரக்குப் பட்டின் கரையில் ஏறின சேறு ஒன்றுதான் இன்னும் போகவில்லை. நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க நாகராஜா துணை இருக்கட்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் ஒன்று சொல்ல வாயைத் திறந்தால் நீ நடுவில் புகுந்து, 'சரிம்மா, சம்மதமா இல்லையா, அத மட்டும் சொல்லு' என்று கழுத்தைப் பிடிக்கிறாய். அப்படிச் சொல்லுகிற விஷயமா இது? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த வீட்டு வினீத் புதன்கிழமை டப்ளினுக்குப் புறப்படுகிறான், அவன் பெட்டியில் பருப்புப் பொடி, நேந்திரங்காய் வறுவல், இந்தக் கடிதம் மூன்றும் வருகின்றன. கடைசி வரியை முதலில் பார்க்காதே. பார்ப்பாய், எனக்குத் தெரியும்.

கட்டினால் பிரஜினைத்தான் கட்டுவேன், அவன் வீட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்று நீ சொன்னபோது நான் என்ன நினைத்தேன், ஒரு நல்ல நாளில் தட்டு எடுத்துக்கொண்டு போவோம், அவர்கள் ஹாலில் உட்கார்ந்து காப்பி குடிப்போம் என்றுதானே. அவனுடைய அம்மா அஜிதா போன் பண்ணி, வீட்டுக்குள் உட்கார்ந்தால் எல்லாரும் நல்லவர்களாகத்தான் தெரிவோம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புஞ்சக்கரிக்கு வாருங்கள், நான் வாராவாரம் பட்சி பார்க்கப் போகிற இடம், நடந்துகொண்டே பேசலாம் என்றாள். சம்பந்தம் பேசச் சேற்று வரப்பா? எனக்கு அங்கேயே பாதி மனசு விட்டுப்போயிற்று. காலண்டரைப் பார்த்தால் தை அமாவாசை. நமக்கு நிறைந்த நாள், அந்தமட்டும் நல்லது என்று நினைத்தேன். அவர்கள் மலையாளிகள், அமாவாசையில் நல்ல காரியம் பேசுகிற வழக்கமே இல்லையாம், அவள் நாளே பார்க்கவில்லை. சயன்ஸ் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள் எந்த நாளைப் பார்க்கப் போகிறாள். அவர்கள் மீன் சாப்பிடுகிறதைக்கூட நான் பெரிசு பண்ணவில்லை மக்ளே, அது அவரவர் நாக்கு. நாளைக்கு நானும் அப்பாவும் இல்லாமல் போனால் எங்களுக்கு அமாவாசைக்கு ஒரு இலை போட விடுகிற வீடா அது, அது தெரியாமல் நான் தலையாட்ட மாட்டேன் என்று உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன். நீ சிரித்தாய்.

அன்றைக்கு இருட்டோடு எழுந்து குளித்து, சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு எல்லாம் வைத்தேன். அப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்தார். காக்கைக்குச் சோறு வைக்க மாடிக்குப் போனால் ஒரு காக்கைகூடக் கண் விழிக்கவில்லை. ஆரியசாலைக் கடைத்தெருக் காக்கை அல்லவா, கடை திறந்த பிறகுதான் அதற்கும் விடியும். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் தெருவையே எழுப்புகிறார். போகிற இடத்தில் காக்கைக்கா பஞ்சம் என்று எல்லாவற்றையும் இலையில் கட்டித் தட்டோடு எடுத்துக்கொண்டேன். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, அப்பாவுக்குத் தோளில் ஜரிகை நேரியல். போய் இறங்கினால் அஜிதா பழைய பேன்டும் பச்சைச் சட்டையும் தொப்பியுமாக, கழுத்தில் பைனாகுலரோடு நிற்கிறாள். என்னைப் பார்த்து அவளுக்கு வந்தது சிரிப்பா திகிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 'சுவப்பு கண்டா பட்சி பறந்து போகும், சாரமில்ல, நிங்கள் பின்னால நடந்தா மதி' என்றாள், என் அரக்குப் பட்டின் சிவப்பைப் பார்த்து. பின்னால் நடந்தால் போதுமாம். சம்பந்தி வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை, வரிசையில் கடைசி இடம்.

இடம் அழகுதான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். ஒரு பக்கம் வெள்ளாயணிக் காயல், ஒரு பக்கம் தண்ணீர் கட்டின வயல், நடுவில் வரப்பு, எங்கே பார்த்தாலும் கொக்கும் நாரையும். யாரும் சத்தம் போடக்கூடாதாம். உன் அப்பாவோ வாழ்நாள் முழுக்க மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று கூவினவர், அவர் ரகசியம் பேசினாலே விழிஞ்ஞத்தில் கேட்கும். அஜிதா காதோரம் ஒரு பட்சியின் பெயரைச் சொல்லுவாள், இவர் உடனே அது எத்தனை எடை தேறும் என்று சொல்லுவார். நீலக்கோழியைக் காட்டினாள், முக்கால் கிலோ என்றார். நீர்க்காக்கையைக் காட்டினாள், இறகு நனைந்திருக்கிறது, காய்ந்தால் நூறு கிராம் குறையும் என்றார். சைவப் பிள்ளை வாயில் வருகிற பேச்சா இது என்று எனக்கு மானம் போயிற்று.

காயலோரம் கோரைப்புல்லுக்கு முன்னால் யூசுப் என்று ஒருவர் பீரங்கி மாதிரி ஒரு கேமராவை நிறுத்திவைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே கரிங்கொச்ச இருக்கிறதாம், கறுப்பாகக் கொக்கு மாதிரி ஒன்று, லேசில் வெளியே வராதாம். அஜிதாவும் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். பிள்ளையைப் பற்றிப் பேச வந்தவள் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து உன் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. 'ஏட்டி, கண்ண இருட்டிக்கிட்டு வருது, பொட்டலத்தப் பிரி' என்கிறார். சர்க்கரைக்காரர், விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் காக்கை எடுக்காமல் அவர் வாயில் வைக்க மாட்டாரே. நான் என்ன செய்வேன், சொல்லு. வரப்பில் இலையை விரித்தேன், சோற்றை வைத்தேன், நம் மாடியில் நின்று கூப்பிடுகிற மாதிரியே, 'கா... கா...' என்று ஒரு குரல் கொடுத்தேன்.

அடேயப்பா! எந்தத் தென்னைகளில் இருந்தனவோ, திருவனந்தபுரத்துக் காக்கை முழுக்க வந்துவிட்டது. கொக்கு எல்லாம் ஒரே எழும்பலாக எழும்பிற்று, நீலக்கோழி விழுந்தடித்து ஓடிற்று, கோரைக்குள் என்னவோ படபடவென்று அடித்தது, அதைப் பார்க்கலாம் என்றால் யூசுப்பின் கேமராமேல் ஒரு காக்கை பருப்புச் சோறோடு உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் காயலே காலி. யூசுப் கேமராவிலிருந்து பருப்பைத் துடைக்க ஆரம்பித்தார். உன் அப்பா மட்டும், காக்கை எடுத்தாச்சே என்று நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

அஜிதா எழுந்து தண்ணீரோரமாகப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சரி, முடிந்தது, என் பிள்ளையின் கல்யாணத்தை நானே கா கா என்று கூவிக் கலைத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதுவரை வேண்டாம் வேண்டாம் என்று இருந்தவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் ஐயோ போய்விட்டதே என்று இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். அவள் திரும்பாமலே, 'ஆ சோறு பாக்கி உண்டோ, எனக்கும் ஒரு பிடி தருமோ' என்றாள். பசியாக்கும் என்று பார்த்தால், அவள் வீட்டுக்காரருக்காம். ஞாயிறுதோறும் இரண்டு பேரும் சேர்ந்து வந்த இடமாம் இது, கரிங்கொச்சையைக் காண வேண்டும் என்று இருந்தவர் அவர்தானாம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று இவள் பலி ஒன்றும் இடவில்லை, லீவு எடுத்து வருகிறேன் என்ற பிரஜினையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். 'வீட்டுல வெச்சா ஆள்கள் காணும், டீச்சருக்கு வயசானப்போ விசுவாசம் வந்துன்னு சொல்லும்' என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மிச்சச் சோற்றை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தேன். கூப்பிடுங்கள் என்றேன். ஞங்கள் அப்படி விளிக்க மாட்டோம் என்று காயலில் கையை நனைத்து, ஈரக் கையைத் தட்டினாள். ஒரு காக்கை வரவேண்டுமே! எல்லாம் என் சோற்றைத் தின்று வயிறு முட்டித் தென்னையில் உட்கார்ந்து பார்க்கின்றன. அவள் மறுபடி தட்டினாள், முகம் வாடுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஏ மூதேவிகளா, வாங்க என்று நானும் கூப்பிட்டேன், அப்பா எச்சில் கையோடு எழுந்து கடைக்குரலில் கூவினார், அந்த யூசுப்பும் கேமராவைத் துடைக்கிறதை விட்டுவிட்டுக் கை தட்டினார். கடைசியில் ஒரு கிழட்டுக் காக்கை, போனால் போகிறது என்று இறங்கி வந்து, நிதானமாக எடுத்தது. அஜிதா கண்ணாடியைக் கழற்றித் தொப்பியால் துடைத்துக்கொண்டு, 'அவர் காக்கைய பட்சிக் கணக்கிலேயே சேர்க்காது, இப்போ அந்தக் காக்கையாயிட்டே வந்து' என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், பிறகு இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து நன்றாக அழுதோம். உன்னைப் பற்றியோ அவனைப் பற்றியோ நாங்கள் ஒன்றுமே பேசவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறாள். அதற்காகச் சாலைக் கடைத்தெருவில் பாசி நிறத்தில் ஜரிகையே இல்லாத ஒரு புடவை எடுத்திருக்கிறேன், உன் அப்பா அதைச் சாக்கு என்கிறார். நேந்திரங்காய் வறுவலில் பாதியைப் பிரஜினுக்குக் கொடு, நீயே தின்று தீர்க்காதே. அவனிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல். அவன் அப்பாவின் திதி நாளுக்கு லீவு போட்டு வரட்டும், அம்மா வேண்டாம் என்று சொன்னால் கேட்க வேண்டாம். நீயும் கூடவே வா. இலை நான் போடுகிறேன், அஜிதா கை தட்டட்டும். இரண்டு பேரும் ஒற்றுமையாக, நிறைந்து, நன்றாக இருங்கள்.

உன் பிரியமுள்ள அம்மா,
கௌசல்யா வேலப்பன்

மகளே, அப்பா எழுதுவது. அந்தக் கரிங்கொச்ச பறந்ததை நான் பார்த்தேன். அரைக் கிலோகூடத் தேறாது. அவர்கள் யாரிடமும் நான் சொல்லவில்லை.