பின்சில்லு இறுகிய மார்கழி

02.12.2025, செவ்வாய்

வெள்ளம் வடிந்துவிட்டது. முற்றம் முழுக்கச் சேறு. வானை ஸ்ரார்ட் செய்தேன், பிடித்தது. கியரைப் போட்டதும் பின்பக்கம் ஒரு முனகல், எஞ்சின் நின்றுபோனது. மூன்று தரம் அப்படியே. இறங்கிப் பார்த்தேன். பின்சில்லு இரண்டும் அசையவே இல்லை.

என் கணவர் டிலானின் கட்டில் ஜன்னலோரம்தான். அவர் வெளியே பார்க்கவில்லை. பாரிசவாதம் வந்து ஐந்து மாதமும் ஒன்பது நாளும். வலது கை, வலது கால், பேச்சு — மூன்றும் ஒரே காலையில் போயின.

03.12.2025, புதன்

பண்டத்தரிப்புச் சந்திக் கராஜிலிருந்து டினேஸ் வந்தான். சில்லைக் கழற்றி, உள்ளே சட்டி மாதிரி இருக்கும் ட்றம்மில் அரைமணி நேரம் அடித்தான்.

"அக்கா, வெள்ளத்துக்கை ஹாண்ட் பிறேக்கை இழுத்து விட்டிட்டியளே? உள்ளுக்கை ட்றம்மை அமத்திப் பிடிக்கிற பிறேக் சூ கறள் பிடிச்சு அதோடையே ஒட்டிப்போச்சு. ட்றம்மைக் கழட்டினால்தான் சரி. கராஜ் முழுக்க வெள்ளத்திலை நிண்ட வாகனம். திங்கள் பெரிய சாமான் கொண்டு வாறன்."

நான்தான் இழுத்தேன். வான் உருண்டுவிடும் என்ற பயத்தில், பலம் கொண்ட மட்டும் இழுத்துவிட்டு இறங்கினேன். டிலான் மழை நாளில் ஒருநாளும் இழுக்கமாட்டார். சில்லுக்குக் கல் வைப்பார். இந்த வான் வந்த பதினாறு வருடமும் கண்ணால் கண்டேன். ஏன் என்று ஒருநாளாவது கேட்டேனா?

04.12.2025, வியாழன்

தெரபி நாள். வாடகைக்கு ஒரு வானும் கிடைக்கவில்லை. ஓட்டோவில் ஏற்றினேன். சண்டிலிப்பாய் வளைவில் அவர் சரிந்தார்; பிடிக்கப் பிடிக்க நழுவி, நெற்றி கம்பியில் அடிபட்டது. வீட்டுக்கே திரும்பினோம். இனி ஓட்டோ வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர். துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

"முதல் ஆறு மாசம் விடாமல் கொண்டு வாங்கோ. பிறகு கை, கால், பேச்சு திரும்பி வாறது கஷ்டம்" என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். ஆறு மாதம் இருபத்துமூன்றாம் திகதியோடு முடிகிறது.

08.12.2025, திங்கள்

டினேஸ் வரவில்லை. போனும் எடுக்கிறானில்லை.

10.12.2025, புதன்

டிலானின் அக்கா பியாட்றிஸ் மச்சாள் வந்தா. குசினிக்குள் நின்று கதைத்தா. மெல்லக் கதைப்பதாகத்தான் நினைத்தா.

"உந்த வானை வித்துப்போட்டு, இவனை ஒரு பராமரிப்பு இல்லத்திலை சேர்த்துவிடு அபி. அங்கை தெரபியும் குடுப்பினம். நீயும் மனுசிதானே."

நான் மறுக்கவில்லை. அதை எழுதவேண்டும். நான் மறுக்கவில்லை.

பேச்சுத்தான் போனது. காது நன்றாகக் கேட்கும். இரவு அவர் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி ஆறிப்போனது.

11.12.2025, வியாழன்

இன்றும் சாப்பிடவில்லை. காலை, மத்தியானம், பின்னேரம். கரண்டியைக் கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்புகிறார். நாலு மணிக்குக் கோப்பையைத் தட்டிவிட்டார். படுக்கை எல்லாம் கஞ்சி.

அடிச்சுப்போட்டன்.

வலது கையிலை அடிச்சனான். உணர்ச்சியில்லாத கையிலை. நோகாது எண்டு தெரிஞ்சுதான் அதிலை அடிச்சனோ? அவர் நான் அடிச்ச இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலை.

எனக்கு ஏலாது ஆண்டவரே. ஏலாது.

12.12.2025, வெள்ளி

மகள் அனுஜா மட்டக்களப்பிலிருந்து போன் எடுத்தாள். "படிப்பை விட்டிட்டு வரட்டே அம்மா?" என்றாள். எல்லாம் நல்லாயிருக்கு என்றேன்.

13.12.2025, சனி

வேறு யாரும் வரப்போவதில்லை. முன்சில்லுகளுக்குக் கல் வைத்தேன், ஜக் போட்டு வலப்பக்கத்தை உயர்த்தினேன், அச்சுக்குக் கீழே மரக்குற்றி வைத்தேன். சில்லு கழன்றது. அதற்குள் ட்றம். செங்கல் நிறத்தில் கறள்.

ஒயில் விட்டேன், அடித்தேன். மறுபடி ஒயில், மறுபடி அடி. உள்ளங்கை கிழிந்தது. ட்றம் ஒரு நூல்கூட அசையவில்லை. சேற்றில் இருந்து அழுதேன். மதிலுக்கு அப்பால் யாரோ சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். போகட்டும்.

14.12.2025, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

எட்டு மணிக்கே அடிக்கத் தொடங்கினேன். வானின்மேல் இருந்த கோபமா, என்மேல் இருந்த கோபமா, தெரியாது. ட்றம்மின் விளிம்பைக் குறிவைத்து முழுப் பலத்தோடு ஓங்கி ஓங்கிப் போட்டேன். வீட்டுக்குள் ஏதோ சத்தம். ஜன்னல் கம்பியில் தண்ணீர்க் குவளை மோதும் சத்தம். நான் நிற்கவில்லை. இன்னும் ஒரு அடி ஓங்கினேன்.

"விசரி!"

சுத்தியல் கையிலேயே நின்றது. திரும்பினேன். ஜன்னலில் அவர், முகம் சிவந்து, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஐந்து மாதமும் மூன்று கிழமையும் "ம்" என்ற சத்தத்துக்கு மேல் வராத வாய், என்னைப் பைத்தியக்காரி என்று ஏசியது.

"என்னெண்டனீங்கள்?"

மறுபடி சொல்ல முயன்றார். வரவில்லை. வாய் கோணியது, எச்சில் வடிந்தது, கண் மட்டும் பேசியது: உடைக்கப் போறாய், நிறுத்து.

உள்ளே ஓடினேன். காலைப் பிடித்து "அண்டைக்கு அடிச்சதுக்கு மன்னியுங்கோ" என்றேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. தள்ளு நாற்காலியைக் காட்டினார்.

சேற்றில் பலகை போட்டு, நாற்காலியை வானடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். முதலில் வானின் அடியைக் காட்டினார். படுத்துப் பார்த்தேன். ஹாண்ட் பிறேக்கை நான் விட்டிருந்தாலும் கேபிள் உள்ளே இறுகியே இருந்தது. அதைத் தளர்த்தும் நட்டைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம். பிறகு ட்றம்மின் முகப்பைக் காட்டினார். அங்கே ஒன்றுமில்லை, கறள்தான். மறுபடி காட்டினார், பெருமூச்சோடு. ஊசியால் சுரண்டினேன். இரண்டு சின்னத் துளைகள், உள்ளே புரி வெட்டியிருந்தது. வாகனம் திருத்த அவர் சேர்த்து வைத்த நட்டு, போல்ற் ரின்னைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். இடது கையால் கிளறிக் கிளறி ஒரே அளவில் இரண்டு போல்ற் எடுத்துத் தந்தார்.

அந்தத் துளைகளில் போல்றைப் பூட்டி இறுக்க, அவை பின்னால் முட்டி ட்றம்மை வெளியே தள்ளும். ஒரு பக்கம் கால் சுற்று, மற்றப் பக்கம் கால் சுற்று. அவசரப்பட்டு ஒன்றையே திருகினால் நாற்காலியில் தட்டுவார். மத்தியானம் தாண்டியது. பசித்தது. இருவரும் எழும்பவில்லை.

டொக்.

அவ்வளவுதான் சத்தம். இழுத்தேன், மடியில் வந்து விழுந்தது. தூசியை நான் ஊதப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, ஈரத்துணியைக் காட்டினார்.

பின்னேரம் ஒரு கோப்பை கஞ்சி குடித்தார். முழுவதும்.

16.12.2025, செவ்வாய்

இடப்பக்க ட்றம் வலப்பக்கத்தைவிட மோசம். ஒரு போல்ற் முறிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும்.

18.12.2025, வியாழன்

இடப்பக்கமும் வந்துவிட்டது. சூவில் ஒட்டியிருந்த தகடு தோல் உரிந்ததுபோல் ட்றம்மிலேயே நின்றுவிட்டது.

20.12.2025, சனி

டினேஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "ஆரக்கா கழட்டினது?" என்றான். புதுச் சூ போட்டு, பிறேக் ஒயில் மாற்றி, எங்கள் ஒழுங்கை வழியே முடக்குவரை ஓட்டிப் பார்த்தான். நிற்கிறது.

22.12.2025, திங்கள்

தெரபிக்குப் போனோம். தெரபி மிஸ் அவருடைய வலது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூண்டு கிழமை விட்டிட்டியள். தோள் இறுகிப்போச்சு" என்று சொன்னா. கொஞ்சம் கோபமாகத்தான். விரல்கள் அசையவில்லை. நாளை ஆறு மாதம். "விசரி" பிறகு வரவில்லை என்று சொன்னேன். "கோபத்திலை வாற சொல்லு முதல் வரும். விடாமல் கதையுங்கோ" என்றா.

திரும்பும் வழியில் வட்டுக்கோட்டைப் பக்கம் வயல் எல்லாம் இன்னும் தண்ணீர்.

01.01.2026, வியாழன்

மச்சாள் இல்லத்தின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தா. வேண்டாம் என்றேன். அவர் கேட்கும்படி, உரத்து.

24.01.2026, சனி

கை அப்படியே. காலில் சிறு பலம். கட்டிலைப் பிடித்து நாலு எட்டு.

காலையில் கேற்றடியில் ஓட்டோச் சத்தம். பின் ஒழுங்கையில் ஓட்டோ ஓட்டும் றொகான். இந்த ஏழு மாதத்தில் வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி என்னிடம்தான் கேட்டார்கள். எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்று. றொகான் என்னைத் தாண்டி விறாந்தைக்குப் போய், நாற்காலிக்கு முன்னால் குந்தினான்.

"டிலான் அண்ணை, பின் ட்றம் கழருதில்லை. ஒருக்காப் பாக்கிறியளே?"

அவர் ஓட்டோவைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளி, "ஜக்" என்றார்.

எடுக்கப் போனேன்.