தண்ணீரைத் திறந்துவிடும் தெரு

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன், நலமா? பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டதா?

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். கோபத்தால் இல்லை. சரி, கோபமும்தான். உன் பட்டறை விவகாரம் முடியும்வரை உன்னோடு பேசக் கூடாது என்று எங்கள் அலுவலகத்து ஐயா சொல்லிவிட்டார். எழுதலாமாம், ஆனால் வருவதையும் போவதையும் அவரிடம் காட்டிவிட வேண்டும்.

போன வாரம் உன் தெரு முலாம் பட்டறைகளின் கழிவுநீரைப் பிடித்துவர வந்தேன் அல்லவா? சோதித்தால் உன்னுடையது குடிதண்ணீர் மாதிரி இருக்கிறது. நிக்கல் முலாம் போடுகிற இடத்தில் நிக்கலைத் தேட வேண்டியிருக்கிறது! அதே தெருவின் பாதாளச் சாக்கடை வந்து சேருகிற எங்கள் சுத்திகரிப்பு நிலையத்திலோ, அழுக்கைத் தின்னும் கிருமிகள் கூண்டோடு செத்துக் கிடக்கின்றன. ஐயா என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "வர்ற நாளைத் தம்பிக்கு முன்னாடியே சொல்லிட்டீங்களாம்மா?"

இத்தனை வருட வேலையில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெளிவேலையை நிறுத்தி மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மாத முடிவுக்குள் விளக்கம் தராவிட்டால் வேலையே போய்விடும். நான் சொல்லவில்லை. பின்னே உனக்கு எப்படித் தெரிந்தது? அதை எழுது.

உன் அக்கா

மார்ச் 8

பாசமுள்ள அக்காவுக்கும், கூடவே படிக்கப்போகும் ஐயாவுக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் போய் வால்தனம் திரும்ப வந்துவிட்டது. மாமாவிடமாவது பேசலாமா, அதற்கும் தடையா?

ஒளிப்பானேன் அக்கா, அன்று குழாயைத் திறந்துவிட்டது உண்மைதான். நீ கொண்டுபோன புட்டியில் பாதிக்கு மேல் நல்ல தண்ணீர். உனக்காகத்தான் செய்தேன். அக்கா சோதனைக்கு வருகிற இடத்தில் தம்பியே மாட்டிக்கொண்டால் உன் மானம் என்ன ஆகும்? தவிர, விஷத்தில் தண்ணீர் கலந்தால் விஷம் குறையத்தானே செய்யும்?

நீ வருவது எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்காதே. அது என் ஒருவனுடைய சமாச்சாரம் இல்லை. நாளைக்கும் நான் இதே தெருவில் பட்டறை திறந்தாக வேண்டும். நீ சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறேன், போதாதா?

உன் தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

போதாது. சத்தியத்தைப் புட்டியில் பிடித்துச் சோதிக்க முடியாது என்கிறார் ஐயா.

விஷம் குறையும் என்று எழுதியிருக்கிறாயே, ஒரு கைப்பிடி உப்பைச் சொம்பில் கரைத்தால் என்ன, அண்டாவில் கரைத்தால் என்ன, உப்பு கைப்பிடிதானே? நீ எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அவ்வளவு நிக்கலும் எங்களிடம்தான் வருகிறது. கிருமிகள் வீட்டு அழுக்கைத் தின்னும், உலோகம் பட்டால் சாகும். அவை செத்தால் ஊர்க் கழிவு அத்தனையும் அப்படியே ஆற்றுக்குப் போகிறது. சனிக்கிழமை சாயங்காலம் தொட்டிகளைக் கழுவி, வீரியம் தீர்ந்த அமிலத்தை மொத்தமாகக் கொட்டுகிறீர்கள். ஞாயிறு காலை எங்கள் தொட்டியில் ஆள் உயரத்துக்கு நுரை.

உங்கள் தெருச் சாக்கடையைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி நேற்று வந்திருந்தார். அடைப்பெடுக்கும்போது தண்ணீர் தெறித்து முன்கையில் தோல் உரிந்திருக்கிறது. "உங்க தம்பி தெருவாம்மா அது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

யார் மானத்தைக் காப்பாற்றினாய் நீ? நீ வாயைத் திறக்காவிட்டால் ஊர் கண்ணுக்கு நான்தான் திருடி. இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். வீட்டுக்காரி கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "தெருவுக்குப் பயந்து அக்காவ விட்டுட்டீங்க. நாளைக்கு யாருக்குப் பயந்து என்னை விடுவீங்க?" ஆகவே ஐயா, இதை நன்றாகப் படியுங்கள்.

தெருமுனையில் இருப்பது மீசைக்காரர் பட்டறை. வாசலில் ஒரு இரும்புத் தண்டு தொங்கும். உங்கள் வண்டி தெருவுக்குள் திரும்பியதும் அதைத் தட்டுவார். சத்தம் கேட்டதும் தெரு முழுக்கக் குழாயைத் திறந்துவிடுவோம், வண்டி போனதும் மூடிவிடுவோம். யார் வந்தாலும் இதே கதைதான். இதில் அக்கா எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

முதுகில் குத்த மனமில்லாமல், எழுதப்போகிறேன் என்று மீசைக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன். எழுதினால் எழுதிக்கொள், உன் பேச்சை எவன் நம்புவான் என்றார். அன்றிலிருந்து தெருவில் ஒருத்தரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வலிக்கத்தான் செய்கிறது.

சும்மாவும் உட்கார்ந்திருக்கவில்லை. முலாம் தொட்டிக்கு மேலே கம்பி கட்டியிருக்கிறேன். முன்பெல்லாம் உருப்படியைத் தூக்கியதும் சொட்டச் சொட்டக் கழுவ ஓடுவோம். இப்போது சொட்டி ஓயும்வரை கம்பியில் தொங்குகிறது, நிக்கல் தொட்டிக்குள்ளேயே திரும்ப விழுகிறது. தீர்ந்த அமிலத்தைப் பீப்பாயில் பிடித்துச் சுண்ணாம்பு போட்டு உலோகத்தை அடியில் படியவிடுகிறேன். இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் வந்து பிடித்துப் போங்கள். நான் குழாயைத் தொட மாட்டேன்.

மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டதும் மனிதர் எனக்கு நாற்காலி போட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

உன் தம்பி

மார்ச் 28

என் தங்கத் தம்பிக்கு,

நீ தோற்றுவிட்டாய்!

செவ்வாய்க்கிழமை ஐயா ஒரு ஆளை முன்னாடியே நடந்து போகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வண்டி பின்னால் வந்தது. மீசைக்காரர் தண்டைத் தட்டியதையும், தெரு முழுக்கத் தண்ணீர் ஓடியதையும், உன் குழாய் மட்டும் மூடியே இருந்ததையும் அந்த ஆள் கண்ணால் பார்த்திருக்கிறார். உன் புட்டியில் நிக்கல், விட அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு.

ஐயா அந்த முடிவை என் மேசையில் வைத்தார். "அந்தத் தெருவுலேர்ந்து வந்த முதல் நிஜம் இதுதாம்மா. நாளைலேர்ந்து நீங்க வண்டியில போங்க" என்றார். ஆள் நடமாட்டம் இருக்கிறது என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

இனி ஒவ்வொரு பட்டறைச் சாக்கடையிலும் பூட்டுப் போட்ட பெட்டி வைக்கப்போகிறார்கள். நாள் முழுக்க அது தானாகவே தண்ணீரைப் பிடிக்கும், போகிற அளவையும் கணக்கெடுக்கும். இதைக் கேட்டதும் மீசைக்காரர் நியாயம் கேட்க எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். போகும்போது, கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். என் தம்பியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வருவார், முறைத்துக்கொள்ளாதே.

இன்று நுண்ணோக்கியில் பார்த்தேன். தொட்டியில் புதிதாக விட்ட கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாக அசைய ஆரம்பித்திருக்கின்றன.

உனக்கு அபராதமும் நோட்டீசும் வரும், சரிசெய்ய மூன்று மாதம் அவகாசம். நான் ஒரு சலுகையும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். உன் பட்டறைச் சோதனைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆக, உன் பட்டறை வாசலை இனி நான் மிதிக்கக் கூடாது.

வீட்டு வாசலுக்கு ஒரு தடையும் இல்லையாம், ஐயாவிடம் கேட்டுவிட்டேன். ஞாயிறு மதியம் மாமாவோடு வருகிறேன். இரண்டு தட்டு சேர்த்துப் போடச் சொல்.

உன் அக்கா