‘நவம்பர்’ மைதானத்தின் ஏழாவது குழி

ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்பு மகள் ஐலாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் எழுந்து நடமாடி, சமைத்துச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் அதட்டிக்கொள்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. உங்கள் பக்கம் குளிர் ஆரம்பித்திருக்கும். இங்கே ஏரிமேல் உறைந்த பனி இன்னும் உடையவில்லை, கரையோரம் மட்டும் பனிக்கட்டி சாம்பல் நிறமாகியிருக்கிறது. கார் கொட்டகைக் கூரை பனியின் கனத்தில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது, உன் தம்பி வந்து முட்டுக்கொடுத்துவிட்டுப் போனான், அவன் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் உன் சிறு வயது முகம் அப்படியே தெரிகிறது. உங்கள் வெலிங்டனில் மறுபடி நிலம் ஆடியதாகச் செய்தியில் சொன்னார்கள், படுக்கைக்குக் கீழே எப்போதும் ஒரு ஜோடி செருப்பு வைத்துக்கொள், கண்ணாடி உடைந்தால் வெறுங்காலோடு ஓடக் கூடாது.

போன வாரம் போனில் பேசியபோது அப்பா ஏன் இப்படி அடங்கிப்போயிருக்கிறார் என்று கேட்டாய். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் ஒன்றுமில்லை, தூக்கம் சரியில்லை என்று சொல்லிவைத்தேன். தூக்கமெல்லாம் நன்றாகத்தான் வருகிறது. நடந்தது வேறு, அதைப் போனில் சொல்ல வராது, எழுதினால்தான் வரும். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு மார்க்வெட் ஆஸ்பத்திரி டாக்டர் இனிமேல் கோல்ஃப் மட்டையைத் தொடவே கூடாது என்று சொன்னது உனக்குத் தெரியும். அதைக் கேட்டு வந்த அன்று அப்பா தன் மட்டைப் பையைக் கார் கொட்டகையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார், அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்றார். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய விளையாட்டுப் பெட்டி வந்தபோதும், டிவியில் பந்தடிக்கிறதுக்கு நான் என்ன பச்சப்புள்ளயா என்று முனகினார், ஆனால் இரண்டாம் நாளே கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த டிவி கோல்ஃபில் ஆடுகிறவர்கள் தாங்களே மைதானம் கட்டி உலகத்துக்கெல்லாம் பொதுவில் போடலாமாம், யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். அப்படி யாரோ கட்டிய ஒன்று அப்பா கையில் மாட்டியது, அதன் பெயர் ‘நவம்பர்’. கட்டியவர் தன் பெயரைப் போடாமல் ‘தென்காற்று’ என்று மட்டும் போட்டிருந்தார். டெக்சஸ்காரன் எவனோதான் வேலைவெட்டி இல்லாமல் இதைச் செய்திருக்கிறான் என்று அப்பாவும் மதுக்கடை ரூடியும் அவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

நான் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை, ஆனால் துணி மடித்துக்கொண்டே பார்த்துப் பார்த்து எனக்கே அந்த மைதானம் மனப்பாடம். வானம் முழுக்க மூட்டம், புல் பழுப்பு நிறம், எங்கே பார்த்தாலும் பைன் மரம். அதில் ஏழாவது குழி இருக்கிறதே, அதைப்போல ஒரு கொடுமையை நீ பார்த்திருக்க மாட்டாய். முதலில் ஒரு ஓடைப் பள்ளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும், தாண்டினால் சரியாக நடுவழியில் பட்டுப்போன மரம் ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை, அது முழுக்கத் தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். பந்து அழகாகப் போய் இறங்கும், நின்றுவிட்டது என்று மூச்சு விடுவோம், அப்புறம் மெதுவாகத் திரும்பி, யாரோ கூப்பிட்டது போல உருண்டு, தண்ணீருக்குள் போய்விடும். அப்பா கத்துகிற கத்தலில் நாய் மாடிப்படிக்கு ஓடிவிடும். இந்த ஆள் மட்டும் கையில கெடைச்சா ஏரிப் பனியில ஓட்டை போட்டு முக்கிருவேன் என்பார். ஆனால் ஐலா, காலையில் முட்டை சாப்பிடும்போது முள்கரண்டியை மட்டை மாதிரி பிடித்துக்கொண்டு உப்புக் குப்பியை மரமாக வைத்து எனக்கு விளக்கிக் காட்டுவார், மரத்துக்கு இடது பக்கம் மேட்டுல போய் அடிச்சு பின்னாலேருந்து உருள விடணும் அர்லீன், அந்தக் கிராதகன் அங்க மட்டும் ஒரு வழி வச்சிருக்கான், வேணும்னேதான் வச்சிருக்கான். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தானாகச் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தது அந்த வாரம்தான். எனக்கு அந்தத் தென்காற்றுக்குத் தனியாக ஒரு ஏலக்காய் ரொட்டி சுட்டு அனுப்ப வேண்டும் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் ரூடி தன் கடையில் பெரிய டிவியில் இதே விளையாட்டைப் போடுவான், குளிர் காலத்தில் பாதி ஊர் அங்கேதான். பின்வீட்டு ஜாய்ஸ் ஆன்ட்டியும் நானும் பக்கத்து மேஜையில் சீட்டாடுவோம். அவள் கணவர் வால்ட் இறந்ததிலிருந்து அவள் எங்கும் வருவதில்லை, நான்தான் இழுத்துக்கொண்டு போவேன். பிப்ரவரியில் ஒரு செவ்வாய் அப்பாவுக்குப் பந்து மூன்று தடவை தண்ணீருக்குள் போய்விட்டது, கடையே சிரித்தது. அப்போது ஜாய்ஸ் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏன் டேல், அந்த ஏழாவதுல அப்படி என்னதான் கோளாறு என்று கேட்டாள். அப்பாவுக்கு ஒரு கூட்டம் கேட்கிறது என்றால் போதுமே. எழுந்து நின்று சொன்னார், “கோளாறு குழில இல்ல ஜாய்ஸ், கட்டினவன் மனசுல. இவனுக்கு மனுஷங்களப் பாத்தாலே ஆகாது. வீட்ல ஒரு நாளாவது சந்தோஷமா இருந்திருப்பான்கறே? இவன்கூட எவளாவது குடும்பம் நடத்தியிருந்தா அவளுக்கு நம்ம கோர்ட் வாசல்ல சிலை வைக்கணும்.” எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள், ரூடி அவருக்கு ஒரு பீர் ஊற்றினான், நானும்தான் சிரித்தேன். ஜாய்ஸ் சீட்டுகளை வரிசையாக அடுக்கி மேஜையில் வைத்து, முட்டி வலிக்குது, நான் கிளம்பறேன் என்றாள். அவளுக்கு முட்டி வலி இருப்பது உண்மைதானே, நான் ஒன்றும் நினைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அப்பா கீழ்த்தளத்தில் ஆடிக்கொண்டிருந்தார், சத்தமே வரவில்லை. என்ன இது என்று இறங்கிப் போய்ப் பார்த்தேன். ‘நவம்பர்’ மைதானம் மாறிப்போயிருந்தது. ஓடைப் பள்ளத்தைத் தூர்த்துவிட்டார்கள், பட்ட மரம் இல்லை, வழி அகலமாகி, குழியைச் சுற்றித் தரை கிண்ணம் மாதிரி உள்பக்கம் குழிந்திருந்தது, எப்படி அடித்தாலும் பந்து தானே போய் உள்ளே விழும். வானத்தைக்கூட நீலமாக்கியிருந்தார்கள். அப்பா இரண்டே அடியில் ஏழாவதை முடித்தார். டிவி கைதட்டியது. அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, “கொன்னுட்டாங்க அர்லீன். நான் இன்னும் ஒரு தடவகூட அத ஒழுங்கா முடிக்கல, அதுக்குள்ள கொன்னுட்டாங்க” என்றார். பழையதை எங்காவது தேடலாமே என்றேன். கட்டியவர் அதன் மேலேயே திருத்தி எழுதினால் பழையது யாரிடமும் இருக்காதாம். அடுத்த செவ்வாய் ரூடி கடைக்கு அவர் வரவில்லை, சவரம் செய்வதும் நின்றது.

மார்ச்சில் சர்ச் சமையலறையில் விற்பனைக்காகப் பேஸ்டி செய்துகொண்டிருந்தோம், ஜாய்ஸ் மாவு தேய்க்க, நான் கறியும் கிழங்கும் வைத்து மடிக்க. நடுவில் அவள், டேலுக்கு இப்பவாவது பிடிச்சிருக்கா, லேசாதானே ஆக்கியிருக்கு என்று கேட்டாள். எது பிடிச்சிருக்கா என்று நான் கேட்டேன். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள், மாவு காகிதம் மாதிரி மெலிந்துபோனது, அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தத் தென்காற்று இவள்தான். தபால் அலுவலகத்தில் காலம் முழுக்க ஊராருக்கு முத்திரை குத்திக் கொடுத்தவள், வால்டின் விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிப்போட மனம் வராமல், அவன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்து அவளாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். வால்ட் போனது நவம்பரில். நம் யாருக்கும் அது தோன்றவில்லை பார். நான் மாவுக் கையோடு அவள் தோளைப் பிடித்து, அவர் திட்டினதெல்லாம் திட்டே இல்லை, அந்த ஏழாவதுதான் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பியது, இப்போது செத்த வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. “அவன் பேச்சு உனக்குப் பழக்கம், அர்லீன். எனக்கு வார்த்தைதானே கேட்டுச்சு” என்றாள்.

என்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம் காரில் சொன்னேன். மறுநாள் காலை பார்த்தால் மனுஷன் பனிவாரியை எடுத்துக்கொண்டு ஜாய்ஸ் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறார், டாக்டர் கூடவே கூடாது என்ற வேலை. நான் கோட்டைக்கூடப் போடாமல் ஓடினேன், அதற்குள் ஜாய்ஸ் கதவைத் திறந்து, “டேல் நீமெலா, என் வாசல்ல விழுந்து செத்துத் தொலைக்காத, உள்ள வா” என்று அதட்டினாள். உள்ளே போய்த் தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டு நின்றார். அந்த ஏழாவது மாதிரி ஒன்றை நிஜ மைதானத்தில்கூடத் தான் ஆடியதில்லை என்றார். அதை ஏன் அன்னிக்குச் சொல்லல என்று அவள் கேட்டாள். அப்பா உண்மையிலேயே புரியாமல், “சொன்னேனே ஜாய்ஸ். தினம் அதப்பத்தி மட்டும்தானே பேசினேன்” என்றார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது ஐலா. நீ வாங்கிய வேலை, நீ கட்டிக்கொண்ட பிள்ளை, நீ போன தேசம் எல்லாவற்றிலும் அவர் குற்றம் கண்டுபிடித்தபோது, உனக்கும் வார்த்தைதானே கேட்டிருக்கும். அதற்கு மேல் இதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை.

பழையபடி கட்டிக் கொடு என்று அப்பா கேட்டார், இப்படி அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஜாய்ஸ் மறுக்கவில்லை. காபியைக் கலக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள், “வால்ட் போன குளிர் காலத்துல யார் மேல கோவப்படறதுன்னே தெரியல. டாக்டர் மேலயா, கடவுள் மேலயா, சொல்லாமக் கொள்ளாமப் போன அவன் மேலயா. அந்தக் கோவத்துலதான் ஒவ்வொரு மரமா நட்டேன். தண்ணிப் பக்கம் சாச்சதும் அதுலதான். இப்ப எங்கிட்ட அந்தக் கோவம் இல்ல டேல், நல்லவேளையா இல்ல. அத எங்க போய் வாங்கிட்டு வரட்டும்?” ஆனாலும் அவள் உட்கார்ந்து கட்டினாள், கிட்டத்தட்ட ஒரு மாதம், இவர் உப்புக் குப்பியை வைத்து நினைவிலிருந்து சொல்லச் சொல்ல. போன புதன்கிழமை முடிந்துவிட்டது வாருங்கள் என்று கூப்பிட்டாள், நானும் போனேன்.

பள்ளம் இருந்தது, மரம் இருந்தது, சாய்வும் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று எங்கேயோ விட்டுப்போயிருந்தது, எனக்கே தெரிந்தது என்றால் அவர்கள் இருவருக்கும் தெரியாமலா இருக்கும். அப்பா ஒவ்வொரு அடிக்கும் நல்லா இருக்கு ஜாய்ஸ், ரொம்ப நல்லா இருக்கு என்று சர்ச்சுக்குள் பேசுவது போலப் பேசினார். திட்ட வாயைத் திறந்தால் அவள் மனம் புண்பட்டுவிடுமோ என்று பயம். ஏழாவதில் பந்து குழி விளிம்பு வரை போய், நின்று, திரும்பி உருண்டு தண்ணீருக்குள் போனது. ஜாய்ஸ் பின்னல் வேலையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஐலா, இப்போதாவது திட்ட மாட்டாரா என்று. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா கன்ட்ரோலரைப் பூப்போல மேஜையில் வைத்து, அழகான குழி, ஜாய்ஸ் என்றார். அவள் எழுந்து டிவியை அணைத்து, ரொட்டி வெட்டப் போய்விட்டாள்.

கர்த்தருடைய கை உங்கள் வீட்டுக் கூரைமேல் எப்போதும் இருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். மே மாதம் அப்பாவின் பிறந்த நாள், மறக்காமல் கூப்பிடு, இங்கே மாலை என்றால் உனக்கு மறுநாள் காலை, அதைக் கணக்குப் பார்த்துக்கொள். அவர் உன்னிடம் எதையாவது குறை சொன்னால் அவசரப்பட்டு வைத்துவிடாதே, கொஞ்சம் பேச விடு.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
அர்லீன் நீமெலா