எனக்கு மேலே ஒரு பெயர்

புதிய பணிமூப்புப் பட்டியல் நேற்று மேசைக்கு வந்தது. படித்துப் பார்த்ததற்குக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்தத் தாளில் என் கண் முதலில் போவது என் பெயருக்கு அல்ல, அதற்கு நேர் மேலே இருக்கும் பெயருக்கு. உன் பெயருக்கு. ஒரே நாளில், ஒரே மேசையில் உட்கார்ந்துதான் வேலையில் சேர்ந்ததாக எழுதிக் கொடுத்தோம். தேர்வில் உனக்கு ஒரு மார்க் கூட. அந்த ஒரு மார்க் நம்மை விடவே இல்லை. இந்த முறை உன் வரியில் என் பெயர் அச்சாகியிருந்தது.

"சார், ஒரு படி மேல போயிட்டீங்க" என்று டைப்பிஸ்ட் பெண் சிரித்தாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

இதற்கு எத்தனை வருடம் ஆசைப்பட்டேன் தெரியுமா? உனக்கு மாற்றல் வரும், வேறு மாவட்டம் கேட்டுப் போவாய், ஏதாவது நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். இப்படிப் போவாய் என்று நினைக்கவில்லை. வேலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவன் எழவில்லையாம். அதிலும் எனக்கு முந்திக்கொண்டாய், பாவி.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நான் உனக்குச் செய்த ஒரு காரியம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நேராக அதற்குப் போக எனக்குத் தைரியம் போதாது. முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

ஜட்ஜ் மேடைக்குக் கீழே, வக்கீல்களைப் பார்த்தபடி கிடக்கும் பெஞ்ச் கிளார்க் நாற்காலி உனக்குக் கிடைத்தது. வழக்குக் கட்டுகளை எடுத்து மேலே நீட்டுவது, வழக்கை அழைக்கச் சொல்வது, வாய்தா குறிப்பது, தாக்கலாகும் ஆவணத்துக்கு எண் போடுவது எல்லாம் அங்கேதான். எனக்குப் பின்னறையில் நகல் மனுக்கள். நீ லீவு போட்டால் மட்டும் உன் நாற்காலி எனக்கு. நடுவில் ஒரு கதவு. அது சாத்தியே இருந்தாலும் உன் குரல் கேட்கும்.

"ஐயா, அந்தம்மாக்கு செவ்வாய்க்கெழம வேணாம். அன்னிக்கு அவங்களுக்கு திருக்கழுக்குன்றத்துல இன்னொரு கேஸ் கீது."

நிறைந்த கோர்ட்டில் 'கீது' என்பாய். நானாக இருந்தால் 'இருக்கிறது ஐயா' என்று வாயைக் கழுவிக்கொண்டு பேசியிருப்பேன், யாரும் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். நீ சொன்னால் ஜட்ஜ் சிரிப்பார், வக்கீல்கள் சிரிப்பார்கள், அந்தம்மாள் கையெடுத்துக் கும்பிடுவாள். டைரியைத் திறக்காமலேயே தேதி சொல்வாய். எந்தக் கட்சிக்காரர் எந்த ஊர், எந்த பஸ், யாருக்கு டயாலிசிஸ் எந்தக் கிழமை, எல்லாம் உன் தலைக்குள் இருந்தன. மூன்று ஜட்ஜுகள் மாறிப் போனார்கள். மூன்று பேருமே பிரிவு உபசாரத்தில் உன் பெயரைச் சொன்னார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்து, "அப்புறம்... இவரும்" என்றார். வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை.

கவுன்டரில் வந்து நிற்பவர்கள் இன்னும் மோசம். நான் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது கண்ணில் படாதது மாதிரி, "நெம்மேலிக்காரரு இல்லீங்களா?" என்று உன்னைத்தான் கேட்பார்கள். "நானும் இதே கோர்ட்டுதாம்மா, சொல்லுங்க" என்றால், "இல்ல சார், அவரு வரட்டும்" என்று வராண்டாவில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மதியச் சாப்பாட்டிலும் அதே கதை. உன் டப்பாவில் சங்கரா மீன் குழம்பு திறந்ததும் ஏழெட்டுக் கைகள் நீளும். கருங்குழியிலிருந்து நான் சுமந்து வந்த எலுமிச்சைச் சாதம் அப்படியே வீடு திரும்பும். என் பெண்டாட்டி உன் வீட்டுக்குப் போன் போட்டுக் குழம்புக்கு என்ன மசாலா என்று கேட்டாள். என் வீட்டிலும் நீதானா என்று போனைப் பிடுங்கி வைத்தேன்.

உனக்கு எதுவும் தெரியாது. அதுதான் எனக்கு ஆத்திரம். என் முகம் கடுகடுவென்று இருந்தால் தோளைத் தட்டி, "இன்னா மச்சான், மூஞ்சி சுருங்கிகினு கீது? நாஸ்தா துன்னியா?" என்பாய். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போய் வடை வாங்கித் தருவாய். என் பொறாமையைக் கடைசிவரை பசி என்றே நினைத்தாய். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் உன் மச்சினி கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு போட்டாய். லீவுக்கு முந்தின நாள் நீ செய்கிற வேலை எனக்குத் தெரியும். மறுநாள் கட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து, உன் இடத்தில் உட்காருபவனுக்காகக் காலண்டர் தாளைக் கிழித்துப் பென்சிலில் சீட்டு எழுதிச் செருகி வைப்பாய். அன்று அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். முதல் கட்டைப் பிரித்தேன், உன் சீட்டு. இரண்டாவது, உன் சீட்டு. 'இவருக்குக் காது கேக்காது, கிட்ட வரச் சொல்லு.' 'இந்த வக்கீல் கோவக்காரர், கண்டுக்காத.' கல்யாண வீட்டில் நீ பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறாய், இங்கேயும் நீதான் கோர்ட் நடத்துகிறாய். நான் வெறும் எடுபிடி. உடம்பெல்லாம் காந்தியது எனக்கு.

ஐந்தாவதோ ஆறாவதோ, அந்த மீன்காரம்மாவின் கட்டு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண், புருஷன் இல்லை. வீட்டு மனையில் தன் பங்கும் நடைபாதையும் கேட்டுக் கொழுந்தன்மேல் போட்ட வழக்கு. போன வாய்தாவில் 'கடைசி வாய்ப்பு' என்று எழுதப்பட்டிருந்தது. உன் சீட்டு: 'மச்சான், இந்தம்மா மீன் வித்துட்டு பஸ் புடிச்சு வரும். பதினொன்னேகால் ஆவும். பாஸ் ஓவர் கேளு, மறக்காத.'

பாஸ் ஓவர் கேட்பது ஒரு பெரிய காரியமா? "ஐயா, இதைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி. ஜட்ஜ் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டைக் கேட்பார். நான் அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. 'மறக்காத' என்று எனக்கே சொல்கிறானா என்ற எரிச்சலில் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டேன். பெயரை அழைக்கச் சொன்னேன். வராண்டாவில் மூன்று முறை அழைத்தார்கள். அவளுடைய வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "யாரும் இல்லை ஐயா" என்றேன். வாதி ஆஜராகவில்லை, வழக்கு தள்ளுபடி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பதினொன்று இருபதுக்கு அவள் மூச்சு வாங்க வந்து கதவோரம் நின்றாள். புடவை முந்தானை ஈரமாக இருந்தது. "எம் பேர கூப்டாங்களாப்பா?" என்றாள். எழுந்து போய், முடிந்துவிட்டது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. என்னைத் தாண்டி நாற்காலியை எட்டிப் பார்த்துவிட்டு, "அவரு இல்லியா இன்னிக்கி?" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. இப்போதும் உன்னைத்தானே கேட்கிறாள் என்றுதான் இருந்தது. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் நீ பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் வந்தாய். "மச்சான், அந்தம்மா கட்டுல சீட்டு வெச்சேனே, பாக்கலியா?"

"அதுல ஒண்ணும் இல்லியே."

"மத்த கட்டுலலாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

நீ என்னைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடி, "அப்ப நான்தான் மறந்துட்டேன்" என்றாய். நேராக ஜட்ஜ் அறைக்குள் போய்த் தப்பு உன்னுடையது என்று சொன்னாய். வராண்டாவில் அந்தம்மாவிடமும் சொன்னாய், "எந் தப்பும்மா, எழுதி வெக்க மறந்துட்டேன்." அவள், "நீ இன்னாப்பா பண்ணுவ, என் நேரம்" என்றாள். வழக்கைத் திரும்ப எடுக்க மனுப் போட்டு, அது முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கொழுந்தன் நடைபாதையில் சுவர் எழுப்பிவிட்டான். இன்றும் அவள் பின்பக்கமாகச் சுற்றித்தான் வீட்டுக்குள் போகிறாள். அதையும் நீயே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாய். எல்லாவற்றையும் என்னிடம்தானே சொல்வாய்.

அதற்குப் பிறகு நீ மாறிவிட்டாய். ஒரே கட்டை மூன்று தடவை பிரித்துப் பார்த்தாய். ஜட்ஜ் தேதி கேட்டால் வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு டைரியைப் புரட்டினாய். "நேத்து இத உங்கிட்ட சொன்னேனா மச்சான்?" என்று கேட்க ஆரம்பித்தாய். வராண்டாவில் கூட்டம் உன்னைக் கண்டதும் எழுந்து வந்தால், முன்பு போலப் பேசாமல், "வக்கீலக் கேட்டுக்கோங்க" என்று நழுவினாய்.

அதே வளாகத்துப் பெரிய கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க் இடம் காலியானபோது வரிசைப்படி அது உனக்கு. அந்த நாற்காலிக்கு ஏங்காதவன் நம்மில் யார்? நீ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரெக்கார்டு ரூம் கேட்டாய். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "எனக்கு மறதி வந்துகினு கீது மச்சான். அங்க பெரிய பெரிய கேசு. எவன் வாழ்க்கையாவது என்னால பூடும். நீ போ. நீ கரெக்டா இருப்ப."

நான் போனேன். போய் உட்கார்ந்தேன். முதல் நாள் புதுச் சட்டை கூடப் போட்டுக்கொண்டேன்.

அந்த நாற்காலியிலும் எனக்கு நிம்மதி இல்லை. ஜனம் ரெக்கார்டு ரூமைத் தேடிப் போனது. பழைய கட்டுகளுக்கு நடுவில், தும்மிக்கொண்டு, நீ அவர்களோடு சிரித்துப் பேசும் சத்தம் எனக்குக் கேட்டது. தூசிக்குள் தூக்கிப் போட்டாலும் இவனைத்தான் தேடுகிறார்களே என்று பல்லைக் கடித்தேன். ஒரே ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு கடையில் கையில் வடையோடு, "மச்சான்..." என்றேன். "இன்னா?" என்று திரும்பினாய். "ஒண்ணுமில்ல, சட்னி காரம்" என்றேன். நீ எனக்குத் தண்ணீர் வாங்க ஓடினாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நெம்மேலிக்குப் போனேன். உன் பெண்டாட்டியிடம், எனக்குத் தங்கச்சி முறை ஆகிறவளிடம், ஆபீஸ் தாள்களில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். உன்னைப் பற்றித்தான் பேசினாள்.

"டெய்லி காத்தால போனுல அன்னிக்கு கேஸ் லிஸ்ட்ட எடுத்து என்னய படிக்கச் சொல்வாரு அண்ணா. கண்ண மூடிகினு, எந்தக் கேசு எதுக்காக வருது, போன வாய்தா என்னிக்குன்னு ஒப்பிப்பாரு. ஒண்ணுகூட தப்பு வந்ததில்ல. ஆனா நம்ப மாட்டாரு. கேளம்பாக்கத்துல ரெண்டு டாக்டருங்க பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாங்க. அதயும் நம்பல. கெளம்பசொல்ல பூட்ட மூணு தரம் இழுத்துப் பாப்பாரு."

நான் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தேன்.

"உங்களப் பாத்தா அவருக்குப் பொறாம, தெரியுமா? சிரிச்சிகினேதான் சொல்வாரு. 'அவன் மண்ட மாதிரி எனக்கு இல்லியேடி. அவன் எதயும் வுட மாட்டான்'னு."

இருபத்திரண்டு வருடம் நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். நீ நான்கு வருடம் பட்டிருக்கிறாய். உன் தலைக்குள் இருந்ததை நான் திருடிக்கொண்டு, அது என்னிடம் இருக்கிறது என்று உன்னை நம்பவைத்து, நீ அதைப் பார்த்து ஏங்கும்படி செய்திருக்கிறேன். உன் வீட்டு நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

சொல்லிவிட்டேன். சீட்டு இருந்தது, படித்தேன், பைக்குள் போட்டேன், கிழித்தேன், உன்னிடம் பொய் சொன்னேன். எதையும் விடாமல் தங்கச்சியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"நாலு வருசத்துல இத அவருகிட்ட சொல்ல ஒரு நாளுகூடவா கெடைக்கல அண்ணா?"

அப்போதும் 'அண்ணா' என்றுதான் சொன்னாள். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தாள்களில் கையெழுத்துப் போட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினாள். தங்கச்சி வெளியே வரவே இல்லை.

மீன்காரம்மாவிடமும் சொல்ல வேண்டும். அடுத்த வாய்தாவுக்கு வருவாள். அவள் என்ன சொல்வாளோ, என்ன கேட்பாளோ, வாங்கிக்கொள்கிறேன்.

உனக்கு மறதி கிடையாதுடா. ஒரு நாளும் இருந்ததில்லை. அன்றைக்கும் நீ எழுதித்தான் வைத்திருந்தாய். இதை உன் காதில் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தோளைத் தட்டி, "போடா டேய், வா, வட துன்னலாம்" என்றிருப்பாய். அந்தக் கூலிகூட எனக்கு இனிக் கிடையாது.

இன்னமும் உன்மேல் எனக்குப் பொறாமைதான், மச்சான். உனக்கு ஒரு நல்ல கூட்டாளி இருந்தான் என்று நம்பிக்கொண்டே போய்விட்டாய். எனக்கும் ஒருவன் இருந்தான். நான் அவனை என்ன செய்தேன் என்று தெரிந்தே உயிரோடு இருக்கிறேன்.