இரண்டாவது ஜோடி ஒயர்

என் பிரியமான சலீம் மச்சானுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடையைத் திறக்கிறேன், ரேடியோ ஒன்றைப் பிரிக்கிறேன், அப்படியே போட்டுவிட்டு வயலுக்குக் கிளம்புகிறேன். பாதி வரப்பில் திரும்பி வந்துவிடுகிறேன்.

துபாயிலிருந்து நீ கொண்டுவந்த ஸ்பீக்கர்களுக்காகச் சண்டை போட்டோமே, அதுதான் மனதில் ஓடுகிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு ஜோடி ஒயர் போதாது, உச்சத்தில் போகும் சன்னமான ஒலிக்கு ஒன்று, கீழே இறங்கும் கனத்த ஒலிக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி வேண்டும் என்றாய். பை-வயரிங் என்று பெயரும் சொன்னாய்.

அன்று நான் கும்பகோணம் கோர்ட்டிலிருந்து நேராக உன் வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்கு உழும் நிலத்திலிருந்து எங்களை வெளியேற்றப் பார்க்கிறார்கள். அந்த எரிச்சல் எனக்கு.

"புல்லாங்குழல் மேல போறப்ப மங்குது மாப்ள. ரெண்டாவது ஜோடி போட்டா தெளிஞ்சிடும்ல?"

"அதே ஆம்ப்ளிஃபயர்தானே? ஒயரை ரெண்டாக்கினா புதுசா என்ன வந்துடும்? தண்ணி இல்லாம நாத்து காயுது, உனக்குப் புல்லாங்குழல் கேக்குது!"

டீயைக்கூடத் தொடாமல் கிளம்பினேன். மூன்று வாரம் பேசவில்லை. பிறகு உனக்கு நெஞ்சுவலி, அன்றோடு நீ இல்லை. ஒரு தடவை கூப்பிட்டிருக்கக் கூடாதா மச்சான்? நான்தான் வந்திருக்கக் கூடாதா?

போன வாரம் உன் வீட்டுக்காரி மும்தாஜ் என்னைக் கூப்பிட்டு அனுப்பியது. நீ வாங்கிய ஒயர் சுருள் பிரிக்காமலே இருந்தது.

"மாட்டலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்கண்ணே. அவருக்குச் சன்னமான சத்தம் எதுவும் காதுல விழாமப் போயிருந்துச்சு. தஞ்சாவூர் டாக்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டாரு. இந்த ஒயர்ல சரியாயிடும்னு நம்பிட்டிருந்தாரு."

கையிலிருந்த குறடைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுக்க முடிந்தது. ஸ்பீக்கரின் பின்னால் மேல் முனைகளையும் கீழ் முனைகளையும் இணைக்கும் பித்தளைத் தகடுகளைக் கழற்றி, இரண்டாவது ஜோடியை மாட்டினேன். உன் புல்லாங்குழல் கேசட்டைப் போட்டேன். எந்த வித்தியாசமும் இல்லை. குழல் என் காதுக்கு எப்போதும் தெளிவாகத்தான் இருந்தது. உனக்கு மட்டும் ஏன் மங்குகிறது என்று அன்றே நான் கேட்டிருக்க வேண்டாமா?

மும்தாஜிடம் உள்ளதைச் சொன்னேன். "இருக்கட்டும்ண்ணே, கழட்டாதீங்க" என்றது.

வழக்கு இன்னும் இழுக்கிறது. சம்பா கதிர் விட்டுவிட்டது. அறுக்கப்போவது யார் என்றுதான் தெரியவில்லை.

சத்தம் சரியில்லை என்று கடைக்கு யார் வந்தாலும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அவரை உட்கார வைத்துக் கேட்பேன். இது உனக்கு என் வாக்கு.

உன் மாப்ள,
தமிழரசன்